கொல்லிமலைச் சிறு நிலங்களில் அன்னாசி நடவு

1997-ஆம் ஆண்டு முதல் நாமக்கல் ஜில்லாவைச் சேர்ந்துள்ள கொல்லிமலையில் காப்பி, மிளகு, வாழை, பலா ஆகியவற்றுடன் அன்னாசியும் பயிராகி வருகிறது. தென் அமெரிக்காவைத் தாயகமாகவுடைய இச்செடி, 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரால் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

இம்மலையில் முன்னாளில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த புன்செய்களிற் பல, பிற்காலத்தில் மரவள்ளிக்கு மாறின. கிழங்கைத் தோண்டுகையில் சரிவின் மேல்மண் இளகி, அடுத்த மழையில் ஓடையோடு போய்விடுகிறது. போன மண் எளிதில் மீளாது. அன்னாசியோ ஒருமுறை நட்டால், நிலத்தைக் கிளறாமலே சில ஆண்டுகள் பலன் தரும். ஆயினும் சால்களைச் சரிவின் போக்கிலேயே இழுத்துவிட்டால் இந்நன்மை முழுவதும் கெடும்.

நிலத்தைப் பண்படுத்தல்

அன்னாசியின் வேர் ஆழமாக ஓடாது. நீர் தேங்கினால் அழுகிவிடும். ஆகையால் நல்ல வடிகாலும் சற்றுப் புளிப்புத் தன்மையும் உள்ள இருபொறை மண்ணே ஏற்றது. குளிர் மிகுந்த உயரங்களில் பழம் முதிரக் காலம் நீளும், புளிப்பும் கூடுமாதலால், வெயில் படும் சரிவைத் தெரிந்துகொள்ளல் நன்று. கோடை மழையில் நிலத்தைக் கொத்திக் களை வேர்களைப் பொறுக்கி, சென்டு ஒன்றுக்கு 160 முதல் 200 கிலோ வரை மக்கிய தொழு எரு இடவேண்டும்.

பின்னர் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் சால் எடுக்கவேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. சம நீளமுள்ள இரு கழிகளை உச்சியில் கட்டி, நடுவே ஒரு குறுக்குக் கழியைப் பிணைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய கயிற்றைத் தொங்கவிடுக. கயிறு குறுக்குக் கழியின் மையத்தில் நிற்குமாயின் இரு கால்களும் ஒரே மட்டத்தில் உள்ளன என்று அறியலாம்.

நடவு

ஜூலை முதல் செப்டம்பர் வரை நடவுக்கு உகந்த காலம். 300 முதல் 350 கிராம் எடையுள்ள பக்கக் கன்றுகளையோ காம்புக் கன்றுகளையோ தேர்க. பழத்தின் கொண்டையை நட்டால் காய்க்க அதிகக் காலம் செல்லும். கன்றுகளைச் சில நாள் நிழலில் ஆறவிட்டு, அடியிலுள்ள காய்ந்த இலைகளை உரித்து நடுக. சாலுக்குச் சால் 3 அடியும், ஒரு சாலின் இரு வரிசைகளுக்கிடையே 2 அடியும், செடிக்குச் செடி 1 அடியும் இருத்தல் வேண்டும். ஒரு வரிசைச் செடி மறு வரிசையின் இடைவெளிக்கு எதிரே அமையவேண்டும். குருத்துக்குள் மண் விழலாகாது. விழுந்தால் செடி அழுகும்.

முதற்பழம் கைக்கு வர 18 முதல் 24 மாதங்கள் ஆகும். ஆதலின் உள்ள நிலம் முழுவதையும் ஒரேயடியாக அன்னாசிக்கு ஒதுக்குதல் சிறு குடியானவருக்குத் தகாது. முதலில் 10 சென்டில் ஏறத்தாழ 1,700 கன்றுகளை நட்டு, எஞ்சிய நிலத்தில் வீட்டு உணவுக்கான தானியத்தை விளைவிப்பதே விவேகம். அச்செடிகள் ஈனும் பக்கக் கன்றுகளே அடுத்த நடவுக்கு உதவும். கன்று வாங்கக் கடன்படவும் நேராது.