உயர்த்திய பழைய வண்டிக்குப் பிரேக் குழாய் மாற்றும்போது

ஜொகூரில் பழைய ஹைலக்ஸ், லேண்ட் குரூசர், பஜேரோ, சுசுகி ஜிம்னி வைத்திருப்பவர்கள் பலர் அதை இரண்டு அங்குலமாவது உயர்த்தியிருப்பார்கள். காஹாங்கிலிருந்து கம்போங் பேத்தா வழியாக எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவுக்குப் போகும் ஏறத்தாழ 56 கிலோமீட்டர் பாதையைப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் புரியும். உயர்த்தும்போது ஸ்பிரிங் மாறுகிறது, அப்சார்பர் மாறுகிறது, டயர் பெரிதாகிறது. பிரேக் குழாய்கள் மட்டும் பெரும்பாலும் தொழிற்சாலையில் போட்டபடியே இருந்துவிடுகின்றன. பெரிய டயரைச் சுழலாமல் நிறுத்தப் பிரேக்குக்குக் கூடுதல் வலு வேண்டும் என்பதால், பழைய குழாய்களின் மீது விழும் பொறுப்பும் கூடுகிறது.

இந்தக் குழாய்களைப் புதிதாகப் போடும்போது பழையதன் நீளத்தையே பார்த்துப் போடக்கூடாது. சக்கரம் முழுவதும் கீழே தொங்கும் நிலையில் அளவெடுத்துப் போட வேண்டும். மற்ற வேலைகள் பெரும்பாலும் எந்த வண்டிக்கும் பொதுவானவை.

இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும்

பிரேக்கை மிதித்ததும் மாஸ்டர் பம்ப் எண்ணெயை அழுத்துகிறது. அந்த அழுத்தம் சேசிஸை ஒட்டி ஓடும் மெல்லிய இரும்புக் குழாய் வழியாகச் சக்கரங்களுக்குப் போகிறது. குழாய் அசையாது, சக்கரமோ மேலும் கீழும் ஆடும். அந்த இடைவெளியைத்தான் வளையக்கூடிய ஹோஸ் இணைக்கிறது. பின்னால் முழு ஆக்சில் உள்ள வண்டிகள் பலவற்றில் சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஒரே ஒரு ஹோஸ்தான் இருக்கும். அது அறுந்தால் இரண்டு பின்சக்கரங்களின் பிரேக்கும் ஒன்றாகப் போய்விடும். இரட்டைச் சுற்று அமைப்புள்ள வண்டியில் முன்பக்கம் மிஞ்சும். பழைய சீரிஸ் லேண்ட் ரோவர்கள் பலவற்றில் இருப்பது ஒரே சுற்று. அதில் எதுவும் மிஞ்சாது.

எங்கே கெடுகிறது?

செம்பனைத் தோட்டத்துச் செம்மண், குழாயைச் சேசிஸோடு பிடித்து வைக்கும் கிளிப்புகளுக்குள் புகுந்து ஈரத்தை அங்கேயே தேக்கி வைக்கும். மெர்சிங் கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். 2023 மார்ச் மாதம் சிகாமட், பத்து பஹாட் வட்டாரங்களில் வந்ததுபோன்ற வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் ஒவ்வொரு கிளிப்பையும் கழற்றிப் பார்ப்பது நல்லது. மண்ணைக் கழுவாமல் பார்த்தால் துரு கண்ணுக்குத் தெரியாது. எரிபொருள் தொட்டிக்கு மேலும் பின் ஆக்சிலின் மீதும் ஓடும் குழாய்கள்தான் அதிகம் அரிக்கும்.

துரு மேலாக இருந்தால் துடைத்துப் பார்க்கலாம். குழி விழுந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். ஓர் இடத்தில் ஓட்டை விழுந்த குழாயில், மற்ற இடங்களும் அதே வயதுதான். ஆகவே அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டி ஒட்டுப்போடாமல், இணைப்பு முதல் இணைப்பு வரை முழுதாக மாற்றுங்கள்.

ஹோஸின் வெளியே வெடிப்பு தெரிந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. வெளியே நன்றாக இருந்தும் உள்ளே வீங்கிய ஹோஸும் உண்டு. மிதிக்கும்போது எண்ணெய் போகும். விட்டபின் திரும்ப வராது. அப்போது அந்தச் சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டு சூடாகும்.

அளவெடுப்பது எப்படி?

உறுதியான சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேசிஸை ஜாக் ஸ்டாண்டின் மீது உட்கார வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. பிறகு ஆக்சிலை மெல்லக் கீழே இறக்குங்கள். அப்சார்பர் முழுவதும் நீண்டு, இதற்கு மேல் இறங்காது என்ற நிலையில் ஹோஸைப் பாருங்கள். அது விறைத்து நின்றால் நீளம் போதவில்லை. ஆக்சிலின் இறக்கத்தை நிறுத்துவது எப்போதும் அப்சார்பராக இருக்க வேண்டும், ஹோஸாக இருக்கக்கூடாது.

அடுத்து, ஒரு பக்கத்துச் சக்கரத்தை மட்டும் மேலே தூக்குங்கள். காட்டுப் பாதையில் பள்ளத்தைக் கடக்கும்போது ஆக்சில் இப்படித்தான் சாயும். முன்சக்கரங்களைத் தொங்கும் நிலையிலும் தூக்கிய நிலையிலும் இடமும் வலமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். ஹோஸ் எங்கும் இழுபடாமல், முறுக்காமல், டயரிலோ ஸ்பிரிங்கிலோ உரசாமல் இருக்க வேண்டும். அளவுக்கு மீறி நீளமான ஹோஸ் தொங்கிக் கிளையில் மாட்டும் என்பதால் அதுவும் ஆபத்துதான்.

சஸ்பென்ஷனைத் தொடாமல் பாடியை மட்டும் உயர்த்திய வண்டியில் ஆக்சில் ஹோஸுக்கு மாற்றம் இல்லை. மாஸ்டர் பம்பிலிருந்து சேசிஸுக்கு இறங்கும் இரும்புக் குழாய்தான் அங்கே இழுபட்டிருக்கும்.

என்ன பொருள் வாங்குவது?

இந்த வண்டிகள் பலவற்றில் இருப்பது 4.75 மில்லிமீட்டர் குழாய். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் துருப்பிடிக்காது, கையாலேயே வளையும்; நம் ஈரத்துக்கு மிகப் பொருத்தமானது. தனிச் செம்புக் குழாய் வேண்டாம். அதிர்வில் இறுகி விரிசல் விடும். துருப்பிடிக்காத எஃகு நல்லதுதான், ஆனால் அதன் வாயைக் கசிவில்லாமல் விரிப்பது கடினம்.

ஜப்பானிய வண்டிகளில் குழாயின் வாய் இரட்டை மடிப்பாக விரிந்திருக்கும். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் அது குமிழ் வடிவில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் கசியும். குழாயை வெட்டுவதற்குக் குழாய் வெட்டியே வேண்டும். ரம்பத்தின் இரும்புத்தூள் உள்ளே போனால் சீல்களைக் கெடுக்கும். வாயை விரிக்கும் முன் நட்டை உள்ளே நுழைத்துவிடுங்கள்.

எஃகு வலை பின்னிய ஹோஸ் வாங்கினால், மேலே பிளாஸ்டிக் உறை உள்ளதாகவும் தர முத்திரை உள்ளதாகவும் பாருங்கள். உறை இல்லாவிட்டால் வலைக்குள் மணல் புகுந்து அறுக்கும். கெடாய் பொத்தோங்கில் இன்ஜினும் கியர்பாக்ஸும் வாங்கலாம். பழைய பிரேக் ஹோஸ் வாங்கக்கூடாது.

கழற்றுவதும் மாட்டுவதும்

துரு பிடித்த நட்டுகளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். சாதாரண ஸ்பேனர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். பிரேக் நட்டுக்கென்றே, ஒரு பக்கம் சிறிய வெட்டு விட்டுச் சுற்றிலும் பிடிக்கும் ஸ்பேனர் உண்டு. ஜப்பானிய வண்டிகள் பலவற்றுக்கு 10 மில்லிமீட்டர் அளவு சரியாக இருக்கும். ஹோஸின் தலையை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டால் முறுக்காது. செம்பு வாஷர் இருக்கும் இடங்களில் ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுங்கள். பிரேக் எண்ணெய் பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

மறந்துபோகும் வால்வு

ஹைலக்ஸ் போன்ற பிக்கப்களில் சேசிஸில் ஒரு வால்வும், அதிலிருந்து பின் ஆக்சிலுக்கு ஒரு கம்பியும் இருக்கும். பாரம் ஏறினால் சேசிஸ் தாழும். கம்பி அதை உணர்ந்து பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வண்டியை உயர்த்தியதும் சேசிஸ் ஆக்சிலைவிட்டு விலகுவதால், வால்வு அதைப் பாரமில்லாத வண்டியாக எடுத்துக்கொண்டு பின்பிரேக்கைக் குறைத்துவிடும். உயர்த்திய அளவுக்கு ஏற்ப, கம்பி மாட்டும் இடத்தையும் துண்டு வைத்து உயர்த்த வேண்டும். வால்வையே கழற்றி எறிவதும் தீர்வாகாது. பாரமில்லாத வண்டியின் பின்சக்கரம் ஈரச் செம்மண்ணில் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

எண்ணெய் ஊற்றி, காற்று எடுத்து

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தால் அந்த அளவு 140 ஆகிவிடும். டாட் 4-க்கு அது 230, 155. கேமரன் மலையிலிருந்து இறங்கும்போது எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதி தரையோடு போகும். ஆகவே மூடி திறந்து பல நாள் ஆன டப்பாவைப் பயன்படுத்தாதீர்கள். சிலிக்கானால் ஆன டாட் 5-ஐ இவற்றோடு கலக்கவே கூடாது.

காற்றை, மாஸ்டர் பம்பிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கி எடுப்பது வழக்கம். வலப்பக்க ஓட்டுநர் வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வரும். வண்டியின் கையேட்டில் வேறு வரிசை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். மேலே சொன்ன வால்வில் காற்று எடுக்கும் திருகு இருந்தால் அதையும் விடாதீர்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியை, அதற்கான கருவி வைத்திருக்கும் ஃபோர்மேனிடம் கொடுப்பதே நல்லது.

வண்டியை உயர்த்துவதற்கான விதிகளை ஜேபிஜேயிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புஸ்பாகோம் பிரேக் சோதனையில் சக்கரங்கள் உருளைகளின் மீது சுழல்வதால், ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் பலமும் தனித்தனியாகத் தெரியும். வேலை சரியாக முடிந்ததா என்பதற்கு அது நல்ல சான்று.

வேலை முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டு, மிதியை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடியுங்கள். மிதி மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது மாஸ்டர் பம்ப் பழுதாகியிருக்கிறது. இறங்காமல் நின்றால் ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்த பிறகே சாலைக்கு எடுங்கள். முதல் காட்டுப் பயணம் முடிந்து வந்ததும் அடியைக் கழுவி, ஹோஸ்களில் உரசிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். தடம் இருந்தால் ஹோஸ் போகும் வழியை மாற்றி அமைத்துவிட்டு, அதன் பிறகே அடுத்த பயணத்துக்குக் கிளம்புங்கள்.