பொருந்தலில் 7,500 மணி, கிம்ஹேயில் 2,473

கொரியாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் புசான் நகரில் இரண்டு வகைக் கணக்கு போட வேண்டும். ஹேஉண்டே கடற்கரையில் இருக்கும் மீன் காட்சியகத்துக்குப் பெரியவர் ஒருவருக்குச் சுமார் 30,000 வொன். 100 வொன்னுக்கு 6 ரூபாய் என்று வைத்தால் 1,800 ரூபாய். அதே ஊரின் நகர அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் பூஜ்ஜியம். இலகு ரயிலில் ஏறிப் பக்கத்து ஊரான கிம்ஹேக்குப் போனால், 1998-ல் திறந்த தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கும் நிரந்தரக் காட்சிக்குக் காசு இல்லை.

மீனுக்கு விலை வைப்பதில் நியாயம் உண்டு. ஜெஜு தீவின் அக்வா பிளானட்டில் நிற்கிற நீர் 10,800 டன். சியோலின் லோட்டே காட்சியகத்தில் 5,200 டன். அத்தனை நீரையும் ராத்திரி பகலாகச் சுத்தம் செய்து, வெப்பநிலை மாறாமல் காக்க வேண்டும். மின்சாரக் கட்டணத்தை யார் தலையிலாவது கட்டித்தானே ஆக வேண்டும்? சென்னை மெரினாவில் 1909-லேயே மீன் காட்சியகம் திறந்தோம் என்பது நமக்குப் பெருமைதான். ஆனால் அது இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு போயிற்று.

மீனை விடுங்கள். பழனிப் பக்கத்துப் பாலசமுத்திரத்துக்காரர் கிம்ஹேயில் நின்று பார்க்க வேண்டியது மணி. அவ்வூரின் தேசோங்டோங் 76-ஆம் எண் கல்லறையில் கிடைத்த ஒரு கழுத்தணியை 2020-ல் அந்த நாட்டு அரசு பொக்கிஷமாக அறிவித்தது. படிகம் 10, அகேட் 77, கண்ணாடி 2,386. ஆகமொத்தம் 2,473 மணிகள். ஒவ்வொன்றாக எண்ணிப் பதிந்திருக்கிறார்கள்.

இனி நம்மூர்ப் பக்கம். பழனிக்குத் தென்மேற்கே 12 கி.மீ. தொலைவில், மலையடிவாரத்தில், பொருந்தல். 2009, 2010 ஆண்டுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழாய்வு செய்தார். ஒரே ஒரு ஈமக்குழியில் சுமார் 7,500 மணிகள்: சூதுபவளம், மாக்கல், படிகம், அகேட். நாலு கால் ஜாடி ஒன்றில் 2 கிலோ நெல். அந்த நெல்லை அமெரிக்க ஆய்வகத்தில் சோதித்ததில் கி.மு. 490 என்று காலம் வந்தது. குடியிருப்புப் பகுதியில் கண்ணாடி மணிகளும் ஏராளம்.

தென்னிந்தியாவில் கண்ணாடி மணி செய்த விதத்தைக் கேளுங்கள். உருகிய கண்ணாடியை நீளக் குழாயாக இழுப்பார்கள். ஆறியதும் நறுக்குவார்கள். நறுக்கிய துண்டுகளைச் சாம்பலோடு மறுபடி சூடாக்கினால் கூர்முனை மழுங்கி மணியாகும். பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்குள்தான். இந்தோ-பசிபிக் மணி எனப்படும் இந்த வகைக்கு அரிக்கமேடு பழைய தொழிற்கூடம். கொரியாவின் பழங்கல்லறைகளிலும் இதே வகை கிடைத்திருக்கிறது. நம் பெண் கொரியாவுக்கு ராணியாகப் போன கதையை மேடைக்கு மேடை சொல்கிறார்கள். கதையைவிட மணியை நம்பலாம் என்பது என் கட்சி.

சரி, உள்ளூர்ச் செலவு என்ன? நம்மூரிலிருந்து நாலு பேர் கொண்ட குடும்பம் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போவதாக வைப்போம். நுழைவுச் சீட்டு பெரியவருக்கு 15 ரூபாய், பள்ளிப் பிள்ளைக்கு 5, ஆக 40. மதுரைக்குப் பஸ் ஆளுக்கு ஒரு வழிக்கு நூறு என்று போட்டால், போக வர 800. மதுரையிலிருந்து கீழடிக்கு ஒரு வழிக்கு இருபது என்றால் 160. சாப்பாடு 600. மொத்தம் 1,600. இதில் சீட்டுக் காசு நூற்றுக்கு இரண்டரை. பணத்தைத் தின்பது தூரமும் சோறும்தான்.

அதனால்தான் கேட்கிறேன், பொருந்தல் பொருளைப் பொருந்தலிலேயே வைத்தால் என்ன? 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம் 31,000 சதுர அடி, செலவு 18.43 கோடி. சதுர அடிக்கு 5,900 ரூபாயைச் சற்றே தாண்டுகிறது. அதே விலையில் ஆயிரம் சதுர அடிக் கூடம் கட்ட 60 லட்சம் போதும். பழனிக்கு வருகிற பக்தர் கூட்டத்தில் ஒரு சிறு பங்கு இந்தப் பக்கம் திரும்பினாலே கூடம் நிறையும். மாவட்ட நிர்வாகமும் தொல்லியல் துறையும் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.