பத்து மாதத்தில் பத்தாண்டு

நம் இதயம் நிமிடத்திற்குச் சுமார் 72 முறை துடிக்கிறது. ஓராண்டில் ஏறத்தாழ 3 கோடியே 78 இலட்சம் துடிப்புகள்! பழுதடைந்த இதய வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வைப் பொருத்தினால், அதுவும் துடிப்புக்கு ஒருமுறை திறந்து மூட வேண்டும். கழற்றி எண்ணெய் விட முடியாது. எனவே, அது நெடுங்காலம் உழைக்குமா என்பதை முன்னரே அறிந்தாக வேண்டும். பல்லாண்டு காத்திருக்காமல் அறிவது எங்ஙனம்?

ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் முறிவதில்லை. திரும்பத் திரும்ப வளைத்தால் முறிந்துவிடும். இதனை உலோகச் சோர்வு என்பர். இங்கே முக்கியமானது எத்தனை முறை வளைத்தோம் என்பதே. ஆகவே ஆய்வுக்கூடத்தில், திரவம் நிறைந்த கருவியில் வால்வைப் பொருத்தி மிக வேகமாகத் திறந்து மூடச் செய்கின்றனர். உலோகம் போன்ற விறைப்பான பொருள்களாலான வால்வு 40 கோடி முறை தாங்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தரவிதி. நொடிக்கு 15 முறை என்று கணக்கிட்டுப் பாருங்கள்: சுமார் 309 நாள்கள். பத்தாண்டுத் துடிப்புகள் பத்தே மாதத்தில் முடிந்துவிடுகின்றன.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. வால்வின்மீது விழும் விசையும் இதயத்தில் உள்ளதைப் போன்றே இருக்க வேண்டும். 1979 முதல் 1986 வரை விற்பனையான பியார்க்-ஷைலி வால்வின் ஒரு வகை, சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. சிலருக்கு, வட்டைத் தாங்கிய பற்றவைப்புக் கம்பி முறிந்து வட்டு நழுவியது, பலர் உயிரிழந்தனர். வட்டு மூடும்போது சில வேளைகளில் கம்பியின் நுனியில் மிகைச்சுமை விழுந்தது பின்னரே தெரியவந்தது.

இதனால் வேறொரு கருவியில், இயல்பான துடிப்பு வேகத்திலும் வால்வை ஆராய்கின்றனர். இரத்தத்தை ஒத்த பாகுநிலை பெற, நீருடன் கிளிசரின் கலப்பதுண்டு. வால்வு தரும் தடை எவ்வளவு, பின்னோக்கிக் கசிவது எவ்வளவு என்பவை இதில் தெரியும். இரத்தம் உறையுமா என்பதை அறிய விலங்குச் சோதனையும் தேவை.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிலையத்தில், டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவான வால்வும் இவ்வழியே வந்ததுதான். முதல் மூன்று மாதிரிகள் கைவிடப்பட்டன. கோபால்ட் கலப்புலோகக் கூடும் பாலிஎத்திலீன் வட்டும் கொண்ட நான்காவது மாதிரியே, 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

அந்த மூன்று மாதிரிகளும் வீண் அல்ல. அவற்றின் குறைகள் நோயாளியின் நெஞ்சை எட்டுமுன்பே வெளிப்பட்டுவிட்டன.