மிஸ்திராஸ்: மலைச்சரிவில் ஒரு பாழ்நகர்

கிரேக்க நாட்டின் தென்பாகமாகிய பெலோப்பொனீசில், ஸ்பார்த்தா நகருக்கு மேற்கே நான்கு மைல் அளவில், தைகெற்றோஸ் மலைத்தொடரை அடுத்துக் குன்றொன்று எழுந்து நிற்கின்றது. அதன் உச்சியிற் கோட்டையும், சரிவிற் கோயில்களும் அரண்மனையும் கூரையிழந்த மனைகளுமாகக் கிடப்பதே மிஸ்திராஸ் நகரம். பண்டை ஸ்பார்த்தர் தம் வீரத்தையே மதிலாகக் கருதியவர். அவர்தம் நகரிற் காண எஞ்சியவை சிலவே. அதனைக் காணச் செல்வோர் பலரும் மிஸ்திராஸையே வியந்து மீள்கின்றனர்.

கோட்டையைக் கட்டியவர் கிரேக்கர் அல்லர். 1249ஆம் ஆண்டில் வில்லியம் என்னும் பிரெஞ்சுக் குலத்து இளவரசன் அதனை அமைத்தான். பத்தாண்டு கழிந்து பெலகோனியாப் போரிற் சிறைப்பட்ட அவன், தன் விடுதலைக்கு விலையாக 1262இல் அதனைப் பைசாந்தியப் பேரரசனுக்குக் கொடுத்தான். சமவெளி மக்கள் காவல் நாடி மலையேற, நகரம் வளர்ந்தது. பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் அரச குடும்பத்தினர் 'தெஸ்பொற்' என்னும் பட்டத்துடன் அங்கிருந்து ஆண்டனர். இன்று கொடுங்கோலனைச் சுட்டும் அச்சொல், அக்காலத்தில் மதிப்புக்குரிய பட்டமாகவே வழங்கிற்று.

பேரரசு நாடோறும் தேய்ந்துவந்த காலத்திலேதான் இச்சிறு நகரில் கலையும் கல்வியும் தழைத்தன. பெரிவ்லெப்தோஸ் கோயிற் சுவரோவியங்கள் இதற்குச் சான்று. பேராலயத்தின் தரையில் இருதலைக் கழுகு பொறித்த பளிங்குக்கல் ஒன்றுளது. இறுதிப் பேரரசன் கொன்ஸ்தந்தீன் 1449 சனவரி 6ஆந் திகதி அக்கல்லின்மீதே முடிசூடினான் என்பது செவிவழிச் செய்தி. அவன் மிஸ்திராஸில் அரசனானது உண்மை. முறைப்படி முடிசூட்டப்பெற்றானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நான்கு ஆண்டுகளில் தலைநகரும் வீழ்ந்தது, அவனும் போரில் மடிந்தான்.

ஆயினும், இந்நகரின் பெருமை அரசரால் மட்டும் வந்ததன்று. ஜெமிஸ்தோஸ் பிளெதோன் என்னும் மெய்யியலறிஞர் தம் வாழ்நாளின் பிற்பகுதியை இங்கேயே கழித்தார். 1438-39இல் இத்தாலியில் நிகழ்ந்த சமயப் பேரவைக்குச் சென்றவர், புளோரன்ஸ் நகரில் பிளேற்றோவின் தத்துவத்தை விளக்கினார். அரிஸ்ரோற்றிலையே பெரிதும் பயின்றிருந்த மேனாட்டறிஞர்க்கு அது புதுவழி காட்டிற்று. அவர் இறுதியாக யாத்த 'சட்டங்கள்' என்னும் நூலோ, சீயஸ் முதலிய பழந்தெய்வங்களின் வழிபாட்டை வற்புறுத்தியது. அவர் மறைந்தபின் அந்நூல் கொன்ஸ்தாந்திநோப்பிளின் சமயத் தலைவர் ஜெனாதியோஸின் கைக்கு எட்டியது. அவர் அதனைத் தீயிலிட்டார். சிற்சில பகுதிகளே தப்பின. கல்வியிற் சிறந்த ஒருவரே இதனைச் செய்தார் என்பதுதான் வருந்தத்தக்கது. பிளெதோனின் என்புகளும் மிஸ்திராஸில் இல்லை. துருக்கருடன் போர்புரிய வந்த மலத்தெஸ்தா என்னும் இத்தாலியப் பிரபு அவற்றை எடுத்துச் சென்று, ரிமினி நகர்த் தேவாலயத்தின் புறச்சுவரில் அடக்கஞ் செய்தான்.

1460இல் நகரம் துருக்கர் வசமாயிற்று. அதன்பின்னும் மக்கள் அங்கு வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதிய ஸ்பார்த்தா சமவெளியில் அமைக்கப்பெற்றபோதே குடிகள் மெல்ல மெல்ல இறங்கிச் சென்றனர். 1989இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

காணச் செல்வோர் மேல்வாயில் வழியாகப் புகுந்து கீழ்நோக்கி வருதல் நன்று. கோடை வெயிலில் அம்மலைப்படிகளை ஏறுவது எளிதன்று. இடைவழியிலுள்ளது 1428இல் நிறுவப்பெற்ற பந்தனாசா மடம். பாழ்நகர் முழுவதிலும் அங்கு மட்டுமே மனிதர் வாழ்கின்றனர்: ஒருசில கன்னித் துறவியர்.