டிக்கெட்டில் இருப்பது இரண்டு ஊர் நேரம்

ரமழான் மார்ச் மாதத்தில் வந்த ஒரு வருடம் உம்மாவை உம்றாவுக்கு அழைத்துச் சென்றேன். கட்டுநாயக்கவிலிருந்து பிற்பகல் 2.30க்குப் புறப்பட்டு, மாலை 6.15க்கு ஜித்தாவில் இறங்கும் என்று டிக்கெட்டில் இருந்தது. ஊரில் அந்நாட்களில் மஃரிப் 6.20 அளவில். இறங்கியதும் நோன்பு திறக்கலாம் என்று கணக்குப் போட்டேன். சீனி வருத்தமுள்ள உம்மாவும் என் பேச்சை நம்பி நோன்பு நோற்றார். ஆசிரியர் கலாசாலையில் படித்து, பிள்ளைகளுக்கு நெடுங்கோடும் நேரமும் கற்பிக்கும் நான் போட்ட கணக்கு இது!

டிக்கெட்டில் புறப்படும் நேரம் இலங்கை நேரம், இறங்கும் நேரம் சவூதி நேரம். சவூதி நம்மை விட இரண்டரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. கட்டுநாயக்கவுக்கும் ஜித்தாவுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 4,650 கிலோமீற்றர். அதைப் பறந்து கடக்க ஆறேகால் மணித்தியாலம் அளவில் தேவை. நான் கண்டதோ மூன்றே முக்கால்.

உம்மாவின் கைக்கடிகாரம் ஊர் நேரம் 6.20 காட்டியபோது ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பூமி மணித்தியாலத்துக்கு 15 பாகை சுழல்கிறது. நம் விமானமோ அதே நேரத்தில் ஆறரை பாகை அளவு மேற்கே ஓடுகிறது. ஆகவே விமானத்தில் இருப்பவருக்குச் சூரியன் மிக மெதுவாகத்தான் கீழே இறங்கும். தரையில் உள்ளவர்களை விட உயரத்தில் இருப்பதால் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாகவும் தெரியும். ஜித்தாவில் அன்று மஃரிப் 6.35 அளவில், அதாவது ஊரில் இரவு 9.05. ஸஹரிலிருந்து எண்ணினால் பதினாறு மணித்தியாலத்துக்கு மேல். மாம்புரியில் இருந்திருந்தால் பதின்மூன்றரைக்குள் முடிந்திருக்கும்.

ஏழு மணியளவில் உம்மாவுக்கு வியர்த்தது, கை நடுங்கியது. பேரீச்சம்பழமும் ஜூஸும் கொடுத்து நோன்பை முறிக்கச் சொன்னேன். பயணிக்கும் நோயாளிக்கும் மார்க்கம் தந்த சலுகை இருக்கவே இருக்கிறது. அதை விடியும்போதே நினைத்திருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது எல்லாம் மறுபக்கம். டிக்கெட்டில் எட்டு மணித்தியாலம் போலத் தெரியும், பறப்பது ஐந்தரை அளவுதான். குளிர்காலத்தில் மேல் வானில் மேற்கிலிருந்து வீசும் காற்று பின்னால் நின்று தள்ளுவது அதற்கு ஒரு காரணம். ஜூன் முதல் செப்டெம்பர் வரை நிலைமை வேறு. கீழே நம்மூர்க் காற்றாலைகளைத் தென்மேற்குக் காற்று சுழற்றிக்கொண்டிருக்க, பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேலே கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசும். இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அந்த மாதங்களில் போக்குக்கும் வரவுக்கும் உள்ள வித்தியாசம் குறையலாம்.

உம்றாவுக்கோ குவைத், கட்டார் என்று வேலைக்கோ போகின்றவர்கள் இரண்டு நேரங்களையும் கழித்துப் பார்க்காதீர்கள். பறக்கும் நேரம் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். மாம்புரியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வேனில் போகும் மூன்று மணித்தியாலத்தையும், அங்கே காத்திருக்கும் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகின்றவர்கள் எந்த ஊர் நேரத்துக்குப் போடுவது என்று டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

உம்மா அந்த ஒரு நோன்பை ஷவ்வாலில் ஊரிலிருந்தே கழாச் செய்தார்.