டைகருக்கு வேஷம் கட்டும் டாங்கிகள்

இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் ஜெர்மனியின் ‘டைகர்’ டாங்கி உறுமிக்கொண்டு வரும்போது, திரையில் இருப்பது பெரும்பாலும் டைகர் அல்ல. ஜெர்மனி கட்டியதே சுமார் 1,350தான். இன்று மிஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணும் அளவே. அதனால் எளிதில் கிடைக்கும் சோவியத் டி-34 டாங்கிக்குத் தகடு அடித்து, பெட்டி போன்ற டைகர் உருவத்தைக் கொண்டுவருகிறார்கள். யுகோஸ்லாவியாவில் எடுத்த ‘கெல்லிஸ் ஹீரோஸ்’ (1970), ஸ்பீல்பெர்கின் ‘ஸேவிங் பிரைவேட் ரயான்’ (1998) இரண்டிலும் இந்த வேஷம்தான்.

மேற்பாகத்தை எப்படியும் மாற்றிவிடலாம். வேஷம் கலைவது சக்கரங்களில். டைகரின் எடை சுமார் 57 டன். அந்தப் பாரத்தைப் பரப்புவதற்காகப் பக்கத்துக்கு எட்டு அச்சுகள் வைத்து, பெரிய சக்கரங்களை ஒன்றின் விளிம்பு இன்னொன்றை மறைக்கும்படி நெருக்கிக் கோத்தார்கள். ரஷ்யக் குளிரில் அவற்றினிடையே சேறு உறைந்து வண்டி நகர முடியாமல் போனதுண்டு. உள்ளே ஒரு சக்கரம் பழுதானால், வெளியே உள்ள பலவற்றைக் கழற்றியாக வேண்டும். டி-34க்கோ பக்கத்துக்கு ஐந்தே சக்கரங்கள், தனித்தனியாக. சங்கிலிப் பட்டையை இழுக்கும் பல்சக்கரம் டைகரில் முன்னால், டி-34இல் பின்னால். ‘ரயான்’ படத்தை நிறுத்திப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்.

ஆனாலும் அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். மன்னிக்க முடியாதது ‘பேட்டில் ஆஃப் தி பல்ஜ்’ (1965). ஸ்பெயினில் எடுத்த அந்தப் படத்தில், போருக்குப் பிந்தைய அமெரிக்க எம்-47 டாங்கியையே வண்ணம் பூசி ‘கிங் டைகர்’ என்று ஓட்டினார்கள். டைகருக்கு அடுத்து வந்த அசல் கிங் டைகரோ எழுபது டன்னை நெருங்கும், எரிபொருளைக் குடித்துத் தீர்க்கும் வண்டி. அதன் பாரம் கண்ணில் படாவிட்டால், படத்தில் ஜெர்மானியர் பெட்ரோலுக்காக ஏன் அலைகிறார்கள் என்பதே விளங்காது.

‘ஃபியூரி’யில் (2014) வந்தது அசல் டைகர். 1943இல் துனிசியாவில் பிரிட்டிஷ் படையிடம் சிக்கி, இப்போது இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘டைகர் 131’. அது திரையில் திரும்பும் விதத்திலேயே எடை தெரிகிறது. கதை நடப்பதோ 1945 ஏப்ரலில். 1944 முதல் வந்த டைகர்களுக்கு எஃகு விளிம்புச் சக்கரங்கள். 131க்கு இருப்பது முந்தைய ரப்பர் விளிம்பு. ஓடும் நிலையில் வேறு டைகர் இல்லாதபோது, இந்த இரண்டாண்டுப் பிழையை நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன்.