ஒரே ஒரு முறை பிரகாசமாகும் நட்சத்திரம்

டார்க் மேட்டர்னு சொன்னதும் யாரும் பார்த்திராத ஏதோ ஒரு துகள்தான் உங்களுக்கு ஞாபகம் வரும். ஆனா அது சாதாரணப் பொருளாகவே இருந்தால்? அணைந்துபோன நட்சத்திரங்கள், பற்றி எரிய எடை போதாத பழுப்புக் குள்ளன்கள், கருந்துளைகள் எல்லாம் பால்வெளியைச் சுற்றி இருட்டில் அலைந்தால், டெலஸ்கோப்பில் தெரியாது, எடை மட்டும் இருக்கும். இவற்றுக்கு வைத்த பெயர் மாச்சோ. துகள் கட்சியின் பெயர் விம்ப், அதாவது நோஞ்சான். விஞ்ஞானிகளுக்கும் கிண்டல் வரும் பாருங்க!

வெளிச்சமே இல்லாததை எப்படிப் பிடிப்பது? அதன் ஈர்ப்பை வைத்துத்தான். எடையுள்ள எதுவும் தன் பக்கமாகப் போகும் ஒளியை வளைக்கும். தூரத்து நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவில், கிட்டத்தட்ட நேர்கோட்டில் ஒரு மாச்சோ வந்தால், வேறு பக்கம் போக வேண்டிய ஒளியையும் நம் பக்கம் திருப்பிவிடும். நட்சத்திரம் மெல்லப் பிரகாசமாகி, மெல்லப் பழைய நிலைக்கு வரும். இதுதான் மைக்ரோலென்சிங். மாச்சோவின் எடை நான்கு மடங்கானால் இந்த நேரம் இரண்டு மடங்காகும். வியாழன் எடைக்குச் சில நாள், சூரியன் எடைக்குச் சில மாதம்.

1936-ல் இதைக் கணக்குப் போட்ட ஐன்ஸ்டைனே, நேரில் பார்க்க வாய்ப்பில்லைன்னு எழுதிட்டார். ஒரு நட்சத்திரத்தை மட்டும் பார்த்தால் அது சரிதான். 1986-ல் போதான் பச்சின்ஸ்கி வேற மாதிரி யோசித்தார்: லட்சக்கணக்கில் பார்த்தால்? அதுக்கு அவர் காட்டிய இடம் பெரிய மெகல்லனிக் மேகம், 1,60,000 ஒளியாண்டு தள்ளியிருக்கும் குட்டி கேலக்ஸி. டார்க் மேட்டர் முழுக்க மாச்சோவாக இருந்தாலும், எந்த நேரத்திலும் அங்கே சுமார் 20 லட்சத்தில் ஒரு நட்சத்திரம்தான் சிக்கும்.

எனக்குப் பிடிச்ச பகுதியே இனிமேதான். தானாகவே கூடிக் குறையும் நட்சத்திரங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கு. நமக்கு வேண்டிய சிக்னலை விட நாய்ஸ் பல மடங்கு. எப்படிப் பிரிப்பது? ஈர்ப்புக்கு நிறம் தெரியாது, சிவப்பையும் நீலத்தையும் ஒரே அளவுதான் கூட்டும். நட்சத்திரம் தானாக மாறினால் பெரும்பாலும் நிறமும் மாறும். அப்புறம், கிராஃப் ஏறின மாதிரியே இறங்கணும். அதே நட்சத்திரத்தில் திரும்ப நடக்கவே கூடாது. ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஸ்ட்ரோம்லோவில் மாச்சோ குழு இதுக்காகவே ஒரே நேரத்தில் இரண்டு நிறத்தில் படம் எடுத்தது.

சுமார் 1.2 கோடி நட்சத்திரங்களை 5.7 வருடம் பார்த்து, 2000-ல் அவர்கள் சொன்ன விடை: ஏறத்தாழ 20 சதவீதம் மாச்சோவாக இருக்கலாம். சிலியிலிருந்து பார்த்த ஈராஸ் குழுவோ 8 சதவீதத்தைத் தாண்டாதுன்னு சொன்னது. ஒரே வானம், இரண்டு விடை. 2003-ல் ஸ்ட்ரோம்லோ டெலஸ்கோப் காட்டுத்தீயில் எரிந்தே போனது.

விவாதம் அடங்கிய நேரத்தில், 2015-ல் லைகோ பிடித்த ஈர்ப்பலை கேள்வியைத் திரும்பக் கிளப்பியது. மோதிய கருந்துளைகள் ஒவ்வொன்றும் சூரியனைப் போல 30 மடங்கு எடை. நட்சத்திரம் செத்து உருவானதா, பிரபஞ்சம் பிறந்தபோதே உருவானதா? இரண்டாவதுன்னா, டார்க் மேட்டரே அவைதானோ?

போலந்தின் ஓகிள் குழு சிலியிலிருந்து 20 வருடம், கிட்டத்தட்ட 8 கோடி நட்சத்திரங்களைப் பார்த்து 2024-ல் விடை சொன்னது. டார்க் மேட்டர் முழுக்க 10 சூரிய எடைக் கருந்துளைகள் என்றால் 258 முறை பிரகாசம் கூடியிருக்கணும். கிடைச்சது 13. அந்த 13-க்கும் நமக்குத் தெரிந்த சாதாரண நட்சத்திரங்களே போதும். அந்த எடைக் கருந்துளைகளுக்கு மிச்சம் விட்டது அதிகபட்சம் 1.2 சதவீதம்.

இன்னும் ஒரு இடுக்கு மட்டும் திறந்திருக்கு: சிறுகோள் எடையுள்ள கருந்துளைகள். எடை ஒரு சிறுகோள், சைஸ் ஒரு அணு! அதன் வில்லை நட்சத்திரத்தின் முகத்தில் ஒரு புள்ளியைத்தான் மறிக்கும், மொத்த வெளிச்சம் கூடியதே தெரியாது. அங்கே மைக்ரோலென்சிங் வேலைக்கு ஆகாது.